சீலைச் சுவர்

ஜெயபுரத்தில் அப்புத்துரை மேசன் கட்டிய வீடுகள் முப்பதுக்குக் குறையாது. அவருடைய சொந்த வீட்டுக்குள் மட்டும் அவருடைய மகள் இன்றுவரைக்கும் காலடி வைத்ததில்லை.

அதுவும் சும்மா வீடில்லை. கதவு நிலைக்குப் பாலைமரம், விறாந்தைக்கு மினுக்கிய சிவப்புச் சீமெந்து. மகள் சிவதர்சினிக்கென்று கிழக்குப் பக்க அறையில் ஆள் உயரத்துக்கு யன்னல் வைத்தார். பிள்ளை முற்றத்தில் நின்று பார்த்தாள். "வடிவாயிருக்கப்பா" என்றாள். பிறகு பாயை எடுத்துக்கொண்டு வேலியோரத்துக் கொட்டிலுக்குப் போய்ப் படுத்தாள். நாலு கப்பு, மேலே கிடுகு, சுவரென்று ஒன்றும் இல்லை. அன்று தொடங்கி அதுதான் அவளுக்கு வீடு.

மாரி வந்தால் தாய் இராசமலரின் வாயை ஒருவராலும் மூட முடியாது. "அறுந்த மழை, பெய்யிறதுக்கு உனக்கு வேறை இடம் கிடைக்கேல்லையோ?" என்று வானத்தைப் பார்த்து ஏசுவாள். சாரலுக்கு மறைப்பாய்ப் படங்கு கட்டுகிற புருசனுக்கு ஏச்சு. நனைந்த விறகுக்கு ஏச்சு. படங்கை நாலு பக்கமும் இறக்கிவிட்டால் தர்சினி எழும்பி மழைக்குள் போய் நிற்பாள். ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். சாரல் அடித்தால் அடிக்கட்டும். அப்படியே முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பாள். இருபத்தாறு வயதுப் பிள்ளை. கிளிநொச்சி ஆஸ்பத்திரி டொக்டர்கூட அவளுக்காக அறையை விட்டு வெளியே வந்து, விறாந்தையில் நின்றுதான் கதைப்பார்.

ஊர் அதை விசர் என்றது. ஊருக்கு இராசமலர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கொடுப்பாள். "ஓம், விசர்தான். உங்கட பிள்ளை மண்ணுக்குள்ள மூச்சில்லாமல் கிடந்திட்டு வந்திருந்தா இப்ப பாட்டுப் பாடிக்கொண்டோ திரியும்?" பிறகு அந்த வேலியடியில் எவள் நிற்பாள்?

நடந்தது இதுதான். கடைசிச் சண்டையில் சனம் ஒதுங்கிய மாத்தளன் கடற்கரையில் மண் நிற்காது, வெறும் மணல். ஷெல்லுக்குப் பதுங்கப் பங்கர்க் கிடங்கு வெட்ட வெட்டச் சரியும். பெண்கள் பெட்டிகளில் கொண்டு வந்த சீலைகளை எடுத்து மூட்டையாய்த் தைத்து, மணல் அடைத்து, சுவர் மாதிரி அடுக்கினார்கள். இராசமலரின் கூறைச்சீலையும் அதில்தான் போனது. மேலே பனங்குற்றிகள், அதற்கு மேலே மண். வாசலை நேரே வைத்தால் ஷெல் சிதறல் நேரே உள்ளே வரும் என்பதால் இறங்குகிற இடத்தில் ஒரு வளைவு. அந்தப் பங்கருக்குள் பதினொரு வயதுத் தர்சினியும் அவளுடைய தம்பி, ஆறு வயது அனோஜனும் இருக்கும்போது பக்கத்தில் ஷெல் விழுந்து கூரை இறங்கிவிட்டது. அப்புத்துரை கையால் கிண்டினார். முதலில் அகப்பட்டது தர்சினியின் கால். அவளை இழுத்து வெளியே போட்டுவிட்டு மறுபடி கிண்டப் போக, அடுத்தது விழுந்தது. சனம் அவரையும் இராசமலரையும் இழுத்துக்கொண்டு ஓடியது. அனோஜனை அவர்கள் எடுக்கவேயில்லை. அந்த வீட்டில் அதைப் பற்றிப் பிறகு ஒருவரும் கதைக்கவும் இல்லை.

ரஜிதன் ரொறொன்ரோவிலிருந்து வந்தவன். நாலு வயதில் தாயின் இடுப்பில் போன பிள்ளை, முப்பத்தைந்து வயதில் கட்டடக் கலைஞனாய்த் திரும்பி வந்தான். வெளிநாட்டில் இருக்கிற சனம் சேர்ந்து, போரில் மனம் உடைந்து போனவர்களுக்கு ஜெயபுரத்துக் காட்டோரம் ஓர் ஆறுதல் இல்லம் கட்டப்போகிறார்களாம், வரைபடம் இவனுடையதாம்.

இராசமலருக்கு அவனைக் கண்டவுடனேயே எரிச்சல். எத்தனை பேர் வந்து, எத்தனை படிவம் நிரப்பி, பிள்ளையை எத்தனை படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்! "இன்னுமொரு பேனைக்காரன் வந்திட்டான்" என்று அவனுக்குக் கேட்கவே சொன்னாள். அவனோ கதிரையைக்கூட எடுக்காமல் கொட்டிலுக்குப் பக்கத்தில் மண்ணில் சப்பணம் கட்டி இருந்துவிட்டான்.

"உங்களுக்கு எப்பிடி ஒரு வீடு வேணும்?" என்று தர்சினியைக் கேட்டான்.

வீடு எப்படி வேண்டும் என்று அந்தப் பிள்ளையை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு தடியை எடுத்து நிலத்தில் கீறினாள். காற்று எந்தப் பக்கத்தால் வரவேண்டும், படுத்தபடி எது தெரியவேண்டும், ஓடுவதென்றால் எந்த வழியால் ஓடவேண்டும். மூன்று நாள் வந்தான். மூன்று நாளும் தர்சினி கீறினாள்.

அப்படித்தான் அந்தக் கட்டடம் எழும்பியது. சொல்லத்தான் வேண்டும், வடிவான கட்டடம். ஒரு மரத்தையும் வெட்டவில்லை. பாலையும் வீரையும் நின்ற இடத்தில் நிற்க, கட்டடம் அவற்றைச் சுற்றி வளைந்து போனது. சுவர் இடுப்பளவு, அதற்கு மேலே தூண்கள், அதற்கு மேலே ஓடு. கட்டிலில் கிடந்தபடி இலையைப் பார்க்கலாம், மழையைப் பார்க்கலாம், நனையமாட்டார்கள். உள்ளே வருகிறவர்களுக்கு மருந்து மணம் இல்லாமல் சமையல் மணம் வரட்டுமென்று குசினியை வாசல் பக்கம் வைத்தான். களிமண் பலகைகளைக் கொட்டிலுக்கு அனுப்பி, இலையும் குருவியும் கீறச் சொன்னான் தர்சினியிடம். சுட்டெடுத்துத் தூண்களில் பதித்தார்கள்.

"கட்டடமே பாதி மருந்து, அன்ரி" என்றான் ஒருநாள்.

"அப்ப மிச்சப் பாதியை நான் சமைச்சுத் தாறன், தின்னுங்கோ" என்றாள் இராசமலர். அப்படியே வேலையாட்களுக்குச் சமைக்கிற பொறுப்பு அவளிடம் வந்தது. தலைமை மேசன் அப்புத்துரை. பாலைமரத்தடியில் வருகிற முதல் கட்டில் தர்சினிக்கு என்று ரஜிதன் வாக்குக் கொடுத்துவிட்டான். இந்த மாரிக்கு முன்னம் பிள்ளை ஒரு கூரைக்குக் கீழே வரவேண்டும். இராசமலருக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

வேலைத்தலத்தின் பின்பக்கம் மட்டும் உயரமான தகர வேலி. "அது கட்டடத்தின்ர நெஞ்சு, முடிஞ்ச பிறகுதான் காட்டுவன்" என்று ரஜிதன் சிரிப்பான். நெஞ்சும் ஈரலும்! பதினைந்து பேருக்குச் சோறு வடிக்கிறவளுக்கு அதெல்லாம் எட்டிப் பார்க்க நேரம் ஏது. புருசனைத்தான் கேட்டாள்.

"பின்னால என்னப்பா அப்பிடி வெட்டுறியள்?"

"தண்ணிக் கிடங்கு" என்றார் அப்புத்துரை, சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி.

"ட்ரக்டரில பனங்குற்றி வந்தது?"

"அது... மண்டபத்துக்கு."

ஆனி பிறந்ததிலிருந்து அந்த மனுசன் ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை. ஒட்டி மீன் குழம்பென்றால் சட்டியையே வழிக்கிறவர், இரண்டு வாய் அள்ளிவிட்டு எழும்பினார். வீட்டுக்கு வந்தவுடன் கிணற்றடிக்குப் போனால் வாளி வாளியாய் அள்ளி ஊற்றிக்கொண்டே நிற்பார். "என்ன, சீமெந்துக்குள்ளயோ படுத்து எழும்பினனீங்கள்?" என்று இவள் குசினிக்குள் நின்று கத்துவாள். அவர் அடுத்த வாளியை இறக்குவார். வெய்யிலும் சோளகக் காற்றும் மனுசனைக் காய்ச்சிப் போட்டுவிட்டதென்று நினைத்து முருங்கையிலைக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

திறப்பு விழா ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முதல் வியாழக்கிழமை மத்தியானம் தர்சினி வந்தாள். தகப்பனின் சைக்கிளில், பின்னால் இருந்து வந்தாள். நீல நிறச் சட்டை போட்டு, தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். இராசமலர் அகப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். வேலையாட்கள் அந்தப் பக்கமே பார்க்காத மாதிரித் தூண்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

தர்சினி கட்டடத்தின் முன்பக்கமாய் ஒருமுறை நடந்தாள். தன் குருவி பதித்த தூணைக் கண்டு நின்றாள். விரலால் தடவினாள். அண்ணாந்து ஓட்டைப் பார்த்தாள், பாலையைப் பார்த்தாள், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைத் தூக்கித் தரையில் வைத்தாள். கூரைக்குக் கீழே, அந்தக் குளிர்ந்த சீமெந்தில், ஒரு கால். மற்றது இன்னும் வெளியே மண்ணில். இராசமலர் மூச்சை விடாமல் நின்றாள். கடவுளே, இன்னும் ஒரே ஒரு கால்.

"தர்சினி! வந்திட்டீங்களா!" என்று ரஜிதன் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "முதல்ல அங்க வாங்கோ. இப்பத்தான் தகரம் எல்லாம் கழட்டினது. நீங்கள்தான் முதல் ஆள் பாக்கவேணும். அன்ரி, நீங்களும் வாங்கோ."

பிள்ளை காலை எடுத்துவிட்டாள். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை, அவனுக்குப் பின்னால் நடந்தாள்.

"தம்பி, அதைப் பிறகு பாப்பம்" என்று அப்புத்துரை கத்தினார். அவருடைய குரல் ஒரு மாதிரி இருந்தது. இராசமலர் திரும்பி அவரைப் பார்த்தாள். மனுசனின் முகத்தில் இரத்தமே இல்லை. சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

பின்பக்கம் வீரை மரங்களுக்கு நடுவே ஒரு மண்மேடு. மேட்டில் புல் பதித்திருந்தது. அதன் ஓரத்தால் படிகள் நிலத்துக்குள் இறங்கின. நாலாவது படியில் பாதை வலப்பக்கம் வளைந்து இருட்டுக்குள் போனது. மேட்டின் அடியில் பனங்குற்றிகளின் தலைகள் வரிசையாய் நீட்டிக்கொண்டிருந்தன. படிக்கு இரண்டு பக்கமும் சுவர். சீலைகளால் கட்டிய மண்மூட்டைகள்: மஞ்சள், பச்சை, சரிகைக் கரை வைத்த சிவப்பு. ஒன்றன்மேல் ஒன்றாய், கைதேர்ந்தவன் அடுக்கிய அடுக்கு.

"இதுதான் மௌன அறை" என்றான் ரஜிதன். "ஒவ்வொரு நாளும் காலமை எல்லாரும் முதல்ல இதுக்குள்ள இறங்கி அமைதியா இருக்கவேணும். தாயின்ர வயித்துக்குள்ள போற மாதிரி. உண்மையைச் சொன்னா இது என்ர டிசைன் இல்லை அன்ரி, அங்கிளின்ரதான். நான் படியை நேராத்தான் கீறினனான், அவர் தன்ர பாட்டுக்கு வளைச்சு வெட்டிப்போட்டார். மண் சரிய வெளிக்கிட்டுது, சீலையில கட்டி அடுக்கினா நிக்கும் எண்டார். ஒஃபிஸால ஊரூராப் போய்ச் சீலை சேத்தனாங்கள். நான் உலகத்தில எங்கயும் இப்பிடி ஒண்டு காணேல்லை. இது உங்கட ஆக்களின்ர கலை!"

"கலையோ?" என்றாள் இராசமலர்.

தர்சினியைப் பார்த்தாள். பிள்ளை கத்தவில்லை, ஓடவில்லை. தகப்பனைத் திரும்பிப் பார்த்து, சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டாள்.

"அப்பா, தம்பி உள்ளயோ?"

தர்சினி மேட்டில் ஏறினாள். முழங்காலில் இருந்து, பதித்த புல்லைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு இரண்டு கையாலும் மண்ணைக் கிண்டத் தொடங்கினாள்.

"ஐயோ, தர்சினி, என்ன செய்யிறீங்கள்? விழுந்திடுவீங்கள்!" என்று ரஜிதன் மேட்டில் ஏறப் போனான்.

"தம்பி, நில்லுங்கோ!" இராசமலர் போட்ட சத்தத்தில் வீரை மரத்திலிருந்த காகம் எழும்பிப் பறந்தது. "பிள்ளையில கை வைச்சியளோ, பிறகு நான் ஆரெண்டு பாப்பியள்." பிறகு புருசன் பக்கம் திரும்பினாள். "தண்ணிக் கிடங்கெல்லோ? உங்கட வாய் புழுத்துப் போகாதே! தண்ணிக் கிடங்கெண்டு என்ர முகத்தைப் பாத்துச் சொன்னனீங்களே?"

"உன்ர முகத்தைப் பாத்துச் சொல்லேல்லை, மலர்" என்றார் அப்புத்துரை. "கோப்பையைப் பாத்துத்தான் சொன்னனான்."

"கதையைப் பார் கதையை!"

"வேணுமெண்டு செய்யேல்லையப்பா. நிலத்துக்குள்ள வெட்டெண்டா என்ர கைக்கு வேற மாதிரி வெட்டத் தெரியாது. வாசலை நேர வைக்க மனம் விடேல்லை. மண் சரிய, வாய் தானாச் சொல்லிப்போட்டுது சீலையெண்டு. கடைசிக் குற்றியை ஏத்தேக்கதான் தள்ளி நிண்டு பாத்தனான். பாத்தா அது." அவர் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் குந்தினார். "இடிப்பமெண்டு சொல்ல வாய் வந்தது. இந்தத் தம்பி அதைப் பாத்துக் குழந்தைப்பிள்ளை மாதிரித் துள்ளுது. சொல்லப் போய், கோவிச்சுக்கொண்டு பிள்ளையின்ர கட்டிலை இல்லையெண்டு சொல்லிப்போட்டா?"

"பிள்ளைக்குக் கட்டில் வாங்க இதைக் கட்டிக் குடுத்தனீங்களோ?"

தூணுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த நடராசா தூரிகையோடு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் மற்ற நாலு பேரும். "அக்கா, அண்ணையை ஏசாதேங்கோ. வெட்டினது நாங்கள் எல்லாரும்தான்."

"அப்ப உங்களுக்கும் தெரியும்!"

"தெரியும். முதல் மூட்டை வைக்கேக்கயே தெரியும். ஆளை ஆள் பாக்காமல் வேலை செய்தனாங்கள்."

"நல்ல ஆம்பிளையள்! ஒருத்தனுக்கும் நாக்கு இல்லை!"

ரஜிதனுக்கு இப்போதுதான் விளங்கத் தொடங்கியது. "பங்கரா?" என்று மெல்லக் கேட்டான். "அன்ரி, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் ஒருக்காவும் ஒண்டைக் கண்டதில்லை."

"தெரியாதெண்டாக் கேக்கிறதுக்கென்ன? மூண்டு நாள் மண்ணில இருந்து இவளிட்டைக் காத்து எந்தப் பக்கமெண்டு கேட்டனீங்கள். கும்பிட்டன் உங்களை, தெரியுமே? மனசுக்குள்ள கையெடுத்துக் கும்பிட்டன். கிடங்கு வெட்டுறவன் ஏன் இப்பிடி வெட்டுறானெண்டு அவன்ர முகத்தை ஒருக்காப் பாத்தனீங்களே? கலையாம்! இந்தக் கலையை ஆர் படிப்பிச்சது தெரியுமே தம்பி? மேலயிருந்து விழுந்தது படிப்பிச்சது. எத்தினை குற்றி போடவேணும், எத்தினை அடி மண் போடவேணுமெண்டு ஒவ்வொரு பிள்ளையாக் குடுத்துத்தான் படிச்சனாங்கள். நாங்கள் படிச்சது போதாமல்தான் என்ர மோன் செத்தவன். இதுக்குள்ள போய் இருந்து அமைதி காணச் சொல்லுறியளோ? ஒரு கால் உள்ள வைச்சவளையா! இன்னும் ஒரு காலடா! ஒரே ஒரு கால்!"

மேட்டின் மேல் பிள்ளை நிமிரவேயில்லை. நகக்கண்ணில் இரத்தம் தெரிந்தது.

"அன்ரி, ஞாயிற்றுக்கிழமை வெளியிலயிருந்து ஆக்கள் வருகினம்" என்றான் ரஜிதன். சொன்னவுடனேயே அவனுக்கு அந்தச் சொல் வெட்கமாய்ப் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

இராசமலர் நடராசாவின் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். மேட்டில் ஏறி, மகளுக்குப் பக்கத்தில் நின்று முதல் வெட்டு வெட்டினாள். "தள்ளிக் கிண்டு பிள்ளை, கையில படப்போகுது." வீட்டில் பாத்தி கட்டும்போது சொல்கிற மாதிரியே சொன்னாள்.

ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. அப்புத்துரை எழும்பி அலவாங்கை எடுத்து வந்தார். நடராசாவும் மற்றவர்களும் மண் அள்ளினார்கள். ஆடி முழுக்க ஏற்றிய மண் ஒரு மணித்தியாலத்தில் இறங்கியது. பிறகு குற்றிகள். ஒவ்வொன்றையும் அலவாங்கால் நெம்பி, கயிறு போட்டு, இழுத்துப் புரட்டவேண்டும். நாலாவது குற்றிக்கு ஆள் போதாமல் போனபோது, ரஜிதன் சப்பாத்தோடு மேட்டில் ஏறி மற்ற நுனியைப் பிடித்தான். பனஞ்சிராய் ஏறி அவன் உள்ளங்கை கிழிந்தது.

"பிடிக்கிறதெண்டா வடிவாப் பிடியுங்கோ" என்றாள் இராசமலர், கோபம் கொஞ்சமும் குறையாமல். "ஆக்களின்ர கால்ல போடாதேங்கோ."

கடைசிக் குற்றியும் உருண்டு போனது. பின்னேர வெய்யில் நேரே கிடங்குக்குள் விழுந்தது. சீலை மூட்டைகள் சுற்றிவர நின்றன. எந்த ஊர்ப் பெண்கள் எந்த விசேசத்துக்குக் கட்டிய சீலைகளோ!

தர்சினி படியால் இறங்கினாள். இராசமலர் பின்னால் போக வெளிக்கிட, அப்புத்துரை அவள் கையைப் பிடித்தார். பிள்ளை வளைவைத் தாண்டினாள். ஒவ்வொரு மூட்டையாய்த் தொட்டுக்கொண்டு போனாள். மூலையில் குந்தி, நிலத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து மேலே நின்றவர்களைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் இல்லையம்மா."

"ஓம் பிள்ளை."

"அவனை அங்கையே விட்டிட்டு வந்திட்டமென்ன?"

பதினைந்து வருசமாய் அந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத சொல். அப்புத்துரைதான் பதில் சொன்னார். "ஓம் பிள்ளை. நான்தான் விட்டிட்டு வந்தனான். கிண்டக் கிண்ட இழுத்துக்கொண்டு வந்திட்டாங்கள். திரும்பிப் போயிருக்கலாம். போகேல்லை." சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். நரைத்த மனுசன், வேலையாட்களுக்கு முன்னால், மூக்கால் வடிய வடிய அழுதார்.

தர்சினி மேலே ஏறி வந்தாள். தகப்பனின் தோளில் ஒருமுறை கைவைத்தாள். பிறகு "மூடுங்கோ" என்றாள்.

அப்புத்துரை மண்ணை அள்ளக் குனிந்தார். நடராசா தயங்கினான். அவர்களுடைய சனத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, மண் போடுவதில்லை. இங்கே தாயும் தமக்கையும் கிடங்கின் விளிம்பில், கை நிறைய மண்ணோடு நின்றார்கள்.

"என்ன பாக்கிறாய்?" என்றாள் இராசமலர். "பெத்தவள் நான். நான் போடுவன். ஆர் கேக்கிறது?"

மூன்று பிடி போட்டாள். ஒவ்வொரு பிடிக்கும் அவன் பெயரைச் சொன்னாள். அழுகையாகத் தொடங்கிய பெயர் ஏச்சாக முடிந்தது. யாரை ஏசினாள் என்று அவளுக்கே தெரியாது. தர்சினியும் போட்டாள். பிறகு எல்லாரும் மண்வெட்டியால் தள்ளினார்கள். மஞ்சளும் பச்சையும் சரிகைச் சிவப்பும் ஒவ்வொன்றாய் மண்ணுக்குள் போயின. நிலம் மட்டமானபோது வெய்யில் வீரை மரங்களுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆட்கள் அங்கங்கே இருந்துவிட்டார்கள். மத்தியானச் சோறு குசினியில் ஆறிக் கிடந்தது, ஒருவரும் தொடவில்லை.

திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை.

இராசமலர் பதறிப்போய் வாசலுக்கு ஓடினாள். சைக்கிள் நின்றது. றோட்டில் ஒருவரும் இல்லை. "தர்சினி!" என்று கத்த வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். பாலையடியில் போட்டிருந்த கட்டிலில், ஓட்டுக் கூரைக்குக் கீழே, பிள்ளை ஒருக்களித்துக் கிடந்தாள். காலெல்லாம் மண். இழவு மண் பட்ட உடம்போடு, தலைக்குத் தோயாமல் கொள்ளாமல், புதுக் கட்டிலில் ஏறிக் கிடந்தாள். அது கூடாத காரியம். இராசமலர் கிட்டப் போனாள். பிள்ளை வாயைத் திறந்தபடி நித்திரையாய்க் கிடந்தாள்.

பின்னாலே ரஜிதன் வந்து நின்றான். கையில் துணி சுற்றியிருந்தான். கண் சிவந்திருந்தது.

"அன்ரி, ஞாயிற்றுக்கிழமை வாற ஆக்கள் அந்த இடத்தை என்னெண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?"

இராசமலர் திரும்பினாள். அவளுடைய முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. குரலை மட்டும் பல்லுக்குள் அடக்கிக்கொண்டாள்.

"என்ர மோன் கிடக்கிறானெண்டு சொல்லுங்கோ. ஆறு வயசு, பேர் அனோஜன். இப்ப மெல்லமாக் கதையுங்கோ, பிள்ளை நித்திரை."